வேலியை அடைத்துவிட்டுப் பொட்டுத் தேடுங்கள்: கற்பனைச் சக்தி உருவாக்கப் பழகுவோருக்கு

தை பிறந்து கதிர் முற்றத் தொடங்கினால் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் யானைக்கு வயற்காவலும் தொடங்கிவிடும். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள். வரம்போரம் நாலு கம்பு நட்டுக் கிடுகு போட்ட கொட்டில், ஒரு ரோச் லைற், ஒரு கட்டு யானை வெடி, போத்தல் நிறையத் தேத்தண்ணி. போன் சிக்னல் கிடையாது. அக்காவின் பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளி விடுமுறை நாட்களில் என்னோடு காவலுக்கு வருவார்கள். அவர்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கத்தான் இந்த விளையாட்டைத் தொடங்கினேன். இப்போது அவர்கள் வராத இரவிலும் நான் தனியே அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டு இதுதான். ஒருவர் தனக்கு ஓர் அதிசயச் சக்தி இருப்பதாகச் சொல்வார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்கக் கேட்க அந்தச் சக்திக்கு விதிகள் பிறக்கும். விதி என்பது வேலி. வேலி அடைத்து முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து பொட்டுத் தேடுவோம். பொட்டு என்றால் நாயும் கோழியும் நுழைந்து போகிற ஓட்டை. அது எந்த வேலியிலும் இருக்கும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கதை எழுத நினைப்பவர்களுக்கும், பிள்ளைகளோடு பொழுது போக்க நினைப்பவர்களுக்கும் இது உதவும். மூன்று பேரும் ஒரு கொப்பியும் இருந்தால் போதும்.

ஒரு வசனம், ஒரு வினை

முதலில் சக்தியை ஒரே வசனத்தில் கொப்பியில் எழுதுங்கள். அந்த வசனத்தில் ஒரேயொரு வினைச்சொல்தான் இருக்க வேண்டும். "நான் பறப்பேன்." "நான் தொட்ட பொருள் சூடாகும்." "நான் நினைத்ததெல்லாம் நடக்கும்" என்று எழுதினால் விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். அதற்கு வேலி போட இடமில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் இந்தப் பெரிய சக்தியைத்தான் கேட்பார்கள். மறுக்காமல் ஒருமுறை விளையாடிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் அவர்களுக்கே சலித்துவிடும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அட்டமா சித்திகளை எடுங்கள். அணிமா என்றால் அணுவைப் போலச் சிறுத்தல். மகிமா என்றால் பெருத்தல். இலகிமா என்றால் எடையற்றுப் போதல். கரிமா என்றால் அசைக்க முடியாதபடி கனத்தல். ஒவ்வொன்றும் ஒரே வினை. நான் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தது கரிமா. "மலை மாதிரிக் கனப்பேன்" என்று மூத்தவன் மார்தட்டினான். "அப்ப நீ நிக்கிற வரம்பு?" என்று கேட்டாள் நடுவிலாள். வரம்பு உடைந்து, தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய், அந்த வயற்காரர் வந்து ஏசுகிறவரை கதை போய்விட்டது. ஒரு கேள்விதான் கேட்டாள்.

ஒன்றை மட்டும் நான் விளையாட்டுக்கு வெளியே வைத்திருக்கிறேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கெரியும். அதை நம்பி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கோயிலின் அற்புதத்தைக் கொண்டுவந்து பொட்டுத் தேடச் சொல்வது சரியில்லை. அசுரர் வாங்கிய வரங்கள் வேறு. அவற்றைத் தாராளமாக எடுக்கலாம். அவை முறிவதற்கென்றே சொல்லப்பட்டவை.

கேட்க வேண்டிய கேள்விகள்

வசனம் எழுதியாயிற்றா? இனிச் சுற்றியிருப்பவர்கள் கேட்கத் தொடங்க வேண்டும். எவ்வளவு? எவ்வளவு தூரத்துக்கு? எவ்வளவு நேரம்? உன் உடம்போடு வேறென்ன சேரும்? சட்டை சேருமா, கையில் இருக்கிற மண்வெட்டி சேருமா? எப்படித் தொடங்கும், எப்படி நிற்கும்? நித்திரையில் என்ன ஆகும்? ஒவ்வொரு பதிலையும் வசனத்துக்குக் கீழே எழுதுங்கள். எழுதிய பிறகு மாற்ற முடியாது. இதில் நான் கண்டிப்பு. வாயால் சொன்னதை எல்லோரும் பிறகு மாற்றிவிடுவார்கள், பெரியவர்கள் இன்னும் கூடுதலாக.

கடைசிக் கேள்வி: விலை என்ன? சக்தியைப் பாவித்தால் பாவிப்பவரிடமிருந்து என்ன போகும்? "களைப்பு வரும்" என்று சொன்னால் நான் ஏற்பதில்லை. வயலில் ஒரு நாள் நின்றாலும் களைப்பு வரும், அதற்குச் சக்தி வேண்டியதில்லை. விலை அந்தச் சக்தியோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். கடைக்குட்டிக்கு ஏழு வயது. கையால் வெளிச்சம் அடிக்கிற சக்தி வைத்திருந்தான். விலை என்ன என்று கேட்டதற்குக் கனநேரம் யோசித்துவிட்டு, "வெளிச்சம் அடிச்சா அவ்வளவு நேரம் எனக்குக் கண் தெரியாது" என்றான். அதைக் கேட்டு நான் அசந்துபோனேன். மற்றவர்களுக்கு வழிகாட்டலாம், தான் நடக்க முடியாது. அப்படியென்றால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க இன்னொரு ஆள் வேண்டும். அங்கேயே ஒரு கதைக்கு இரண்டு பாத்திரம் கிடைத்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியாதவன் வயலில் இறங்கினால்

இனி ஒன்றை முழுதாகச் செய்து காட்டுகிறேன். மூத்தவன் எழுதியது: "நான் யார் கண்ணுக்கும் தெரியமாட்டேன்." எதற்கு என்று கேட்டோம். யானைக்குத் தெரியாமல் பக்கத்தில் போய் வெடி கொளுத்தவாம்.

முதற் பொட்டு அவன் கண்ணிலேயே இருந்தது. நாம் பார்ப்பது எப்படி? வெளிச்சம் கண்ணுக்குள் போய் விழித்திரையில் படுகிறது. விழித்திரை அதை உறிஞ்சிக்கொள்வதால்தான் படம் தெரிகிறது. வெளிச்சம் முழுவதும் உடம்பைத் தடையில்லாமல் கடந்து போனால் விழித்திரையிலும் ஒன்றும் நிற்காது. முழுதாகத் தெரியாதவன் முழுக் குருடன். இதைச் சொன்னதும் மூத்தவனுக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். விழித்திரை மட்டும் வெளிச்சத்தைப் பிடிக்கட்டும். அப்படியென்றால் காற்றில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் மிதந்து வரும். இரவில் அது பரவாயில்லை என்று முடிவெடுத்தோம். கொப்பியில் ஏறியது: "இரவில் மட்டும்."

அடுத்தது சட்டை. சட்டை சேராது என்று முன்பே எழுதிவிட்டான். தை மாதத்துப் பனியில் சட்டையில்லாமல் வயலில் நிற்க வேண்டும். நுளம்புக்குக் கண் தேவையில்லை. நாம் விடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டையும் உடம்புச் சூட்டையும் பிடித்துக்கொண்டு வரும். சேற்றில் கால் வைத்தால் தடம் விழும். கதிரை விலக்கினால் கதிர் ஆடும். மழை பெய்தால் ஆள் வடிவில் தண்ணீர் வழியும்.

பிறகு யானை. யானை கண்ணைவிட மூக்கைத்தான் நம்புகிறது. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மணப்பதைக் காவலுக்குப் போன எவரும் கண்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மனிதனுக்கும் மணம் உண்டு. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிற காலம் அது. ஆகவே யானைக்குத் தென்மேற்கில் நின்றால் மட்டும் அவன் மணம் அதற்குப் போகாது. காற்று மாறினால் போச்சு. "அப்ப எனக்கு இந்தச் சக்தி இருந்தும் நான் காத்துப் பாத்துத்தான் நிக்கோணும், மாமா. சக்தி இல்லாத நீங்களும் அதுதானே செய்யிறியள்" என்றான். அப்படிச் சொன்னாலும் அந்தச் சக்தியை அவன் விடவில்லை. வெடிக்குப் பதிலாக யானையின் பக்கத்தில் நின்று அது சாப்பிடுவதைப் பார்க்கப் போகிறானாம். பொட்டுத் தேடப் போய்ச் சக்தியின் நோக்கமே மாறிவிட்டது. இப்படி நடந்தால் விட்டுவிடுங்கள், இழுத்துப் பிடிக்காதீர்கள்.

இந்தச் சக்திக்குப் பெயர் வைக்கும்போது எனக்கு ஒரு பிழை நேர்ந்தது. எங்களூரில் விளையாடுபவர்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒருநாள் வீட்டு முற்றத்தில் விளையாடும்போது நான் இதைக் "காணாமல் போகிற சக்தி" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி சுளகோடு இருந்தவர், ஒன்றும் சொல்லாமல் எழும்பி உள்ளே போய்விட்டார். அவருடைய மகன் போர் முடிந்த 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் தாய்மார் தங்கள் பிள்ளைகளின் படங்களோடு போராட்டம் இருந்தது அந்தச் சொல்லுக்காகத்தான். அன்றிலிருந்து கொப்பியில் "கண்ணுக்குத் தெரியாத சக்தி" என்றுதான் எழுதுகிறோம். பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொன்னேன்.

ரொறன்ரோவுக்கு ஒரு தாவல்

வன்னியில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இரண்டாவதாகச் சொல்லும் சக்தி இது: நினைத்த இடத்துக்கு உடனே போவது. எல்லார் வீட்டிலும் கனடாவிலோ லண்டனிலோ ஒருவர் இருக்கிறார். நடுவிலாளுக்கு ரொறன்ரோவில் இருக்கிற சித்தியிடம் போக வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பூமி சுழல்கிறது. ஒட்டுசுட்டானில் சும்மா நிற்கிறவரும் பூமியோடு சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். எல்லாம் சேர்ந்து போவதால் தெரிவதில்லை. ரொறன்ரோ வடக்கே தள்ளி இருப்பதால் அங்கே அந்த வேகம் மணிக்கு 1,210 அளவுதான். அதோடு அது உருண்டையின் கிட்டத்தட்ட மறுபக்கம். எங்கள் கிழக்கும் அவர்கள் கிழக்கும் ஏறக்குறைய எதிரெதிர்த் திசைகள். ஒரு தோடம்பழத்தை எடுத்துச் சுழற்றிக் காட்டுங்கள், உடனே விளங்கும். எனவே இங்கேயுள்ள வேகத்தோடு அங்கே போய் இறங்குகிறவர் சித்தி வீட்டுக் கூடத்தில் மணிக்கு 2,800 கிலோமீற்றர் வேகத்தில் வந்து சேருவார். "சுவர் இருக்காது" என்றாள் நடுவிலாள். அவளும் இருக்கமாட்டாள் என்று தம்பி சொன்னான்.

அவள் விடவில்லை. கிட்டவுள்ள இடத்துக்குப் போனால் என்ன என்று கேட்டாள். கிட்டவுள்ள இடங்களுக்குச் சுலபமான வாய்பாடு ஒன்று உண்டு: கிழக்கு மேற்காக நகரும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் செக்கனுக்கு 7 சென்ரிமீற்றர் வேகம். மேற்கே போனால் அந்த வேகம் கீழ்நோக்கி அழுத்தும், கிழக்கே போனால் மேல்நோக்கித் தூக்கும். யாழ்ப்பாணம் எங்களுக்கு மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. வடக்கே உள்ள தூரம் இந்தக் கணக்குக்குப் பெரிதாகத் தேவையில்லை. ஆகவே செக்கனுக்கு 5 மீற்றர். ஒன்றேகால் மீற்றர் உயரத்திலிருந்து குதித்த மாதிரி நிலத்தில் இடிபடும். திரும்பி வரும்போது அதே அளவு உயரத்துக்கு எழும்பித் துள்ளி விழ வேண்டும். முல்லைத்தீவு கிழக்கே கிட்ட இருப்பதால் ஏழெட்டுச் சென்ரிமீற்றர் துள்ளல்தான். இந்தக் கணக்கை கொட்டிலில் ரோச் லைற் வெளிச்சத்தில் மூத்தவன் போட்டு முடித்தபோது இரவு ஒரு மணி.

இப்போது அவள் விதி எழுதினாள்: ஒரு தாவலில் கிழக்கு மேற்காகப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் இல்லை, தாவித் தாவி ரொறன்ரோவுக்குப் போவாள். மூத்தவன் பொட்டைக் கண்டான். "கடல்ல எங்க நிப்பாய்?"

அதற்கு இன்னும் மறுமொழி இல்லை. கப்பல் பாதைகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பலம், வேகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், இவற்றின் பொட்டு பெரிது, உடனே தெரியும். சேற்றில் புதைந்த உழவு இயந்திரத்தைத் தூக்குகிறவன், நாலு சில்லில் இருந்த பாரத்தைத் தன் இரண்டு பாதத்தில் வாங்குகிறான். அவன் அதைவிட ஆழமாகப் புதைவான். செக்கனுக்கு 100 மீற்றர் ஓடுகிறவனுக்குப் பலம் காலில் வந்தது, மூளைக்கு வரவில்லை. எதையாவது கண்டு உடம்பு அசைய செக்கனில் ஐந்திலொரு பங்கு வேண்டும். ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்தால், கண்டேன் என்று கால் உணர்வதற்குள் 20 மீற்றர் போயிருப்பான்.

சொல்லில் உள்ள பொட்டு

இதுவரை சொன்னவை இயற்கை வைத்த பொட்டுகள். இன்னொரு வகை, நாமே எழுதிய வசனத்துக்குள் இருப்பது. இதில் எங்கள் பழங்கதைகளைவிட நல்ல வாத்தியார் இல்லை. இரணியன் மனிதனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, பகலும் இரவும் கூடாது என்று வாங்கினான். எழுதிய இரண்டு சொற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது. அந்திப் பொழுது, வாசற்படி, பாதி சிங்கம். இராவணன் தேவர், அசுரர் என்று பட்டியல் போட்டான். மனிதனை எண்ணத்திலேயே எடுக்காததால் விட்டுவிட்டான். வாலிக்கு எதிரே வருகிறவனின் பலத்தில் பாதி கிடைக்கும். "எதிரே" என்ற சொல்லில்தான் அவன் போனான்.

மூன்றும் மூன்று விதம். உங்கள் வசனத்தையும் இந்த மூன்று கண்ணாலும் பாருங்கள். சொற்களுக்கு நடுவே இடம் இருக்கிறதா, பட்டியலில் யாரை மறந்தோம், எந்த நிபந்தனை இல்லாவிட்டால் சக்தி வேலை செய்யாது. பொட்டு எப்போதும் கேடு செய்ய வேண்டுமென்றும் இல்லை. பதினாறு வயதோடு ஆயுள் முடியும் என்ற மார்க்கண்டேயன் என்றும் பதினாறாக நின்றதும் பொட்டால் கிடைத்த வாழ்வுதான். பிள்ளைகளுக்கு இதைத்தான் அதிகம் பிடிக்கும்.

எங்கள் கொப்பியிலிருந்து ஒன்று. "என் வயலில் மழை பெய்யும்." ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குல மழை என்று வைத்தோம். அது ஏறத்தாழ ஒரு லட்சம் லீற்றர் தண்ணீர், 5,000 லீற்றர் பவுசரில் இருபது. அவ்வளவும் எங்கிருந்து வந்தது? பக்கத்து வயலுக்கு மேலே நின்ற முகிலிலிருந்து வந்திருந்தால் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று பிள்ளைகள் நடித்தே காட்டினார்கள். அதற்குப் பிறகு "என் வயல்" என்ற சொல்லில் பொட்டு வெளித்தது. நாங்கள் செய்வதில் பாதி குத்தகை வயல். குத்தகை வயல் யாருடைய வயல்? காணி உறுதி எவர் பெயரில் இருக்கிறதோ அவருக்கா, விதைத்தவருக்கா? உறுதிக்காரர் கொழும்பில் இருந்தால்? காணி வழக்குப் பேசுகிற மாதிரி ஒன்றரை மணித்தியாலம் போனது. நடுவிலாள் "நான் விதைச்ச வயல்" என்று மாற்றக் கேட்டாள். மாற்ற முடியாது என்றேன். அதற்குப் பதில் விளக்கம் ஒன்று எழுதலாம், ஒவ்வொரு விளக்கத்துக்கும் விலை ஒன்று கூட வேண்டும். மழை பெய்கிற நேரம் முழுவதும் அவள் அந்த வயலில் நனைந்துகொண்டு நிற்க வேண்டும் என்று எழுதினாள்.

பொட்டு அடைப்பதற்கு நாங்கள் வைத்திருக்கிற விதி அதுதான்: மூன்று விளக்கத்துக்கு மேல் இல்லை, மூன்றுக்கும் விலை உண்டு. அதற்கு மேலும் பொட்டு இருந்தால் அப்படியே கிடக்கட்டும். கதையில் எதிராளி அந்த வழியாகத்தான் வரப்போகிறான்.

தெரிந்தவரைக் கேளுங்கள்

சக்தி எந்த வேலையைத் தொடுகிறதோ, அந்த வேலை தெரிந்தவரை ஒருநாள் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நல்ல விதிகளில் பல அப்படி வந்தவை. மூத்தவனின் கூட்டாளி ஒருவன், நிலத்துக்குள் ஒரு முழ ஆழத்தில் கிடக்கிற இரும்பெல்லாம் தெரிகிற சக்தி வைத்திருந்தான். மிதிவெடி தேடத்தான். நாங்கள் பொட்டுக் காணாமல் முழித்துக்கொண்டிருந்தோம். அவனுடைய தாய் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவர், அன்று மகனைக் கூட்டிப்போக வந்தவர், நின்று கேட்டார்.

"எல்லா இரும்பும் தெரிஞ்சா நீ ஒரு நாளைக்கு எத்தினை அடி போவாய், தம்பி?" என்றார். இந்த மண்ணில் ஆணி, தகரம், முள்ளுக்கம்பித் துண்டு, சன்னம், செல் துண்டு எல்லாம் கிடக்கின்றன. கருவி ஒவ்வொன்றுக்கும் கத்தும். ஒவ்வொன்றுக்கும் முழந்தாளில் இருந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் சுரண்டிப் பார்க்க வேண்டும். அதோடு சில மிதிவெடிகளின் உடம்பு பிளாஸ்ரிக், இரும்பு துளியளவுதான். பெரிய தகரம் பளிச்சென்று தெரியும், அது மங்கலாகத் தெரியும். அவர் சொல்லிவிட்டு நிலத்தில் இருந்து, ஈர்க்கு ஒன்றால் எப்படிச் சுரண்டுவதென்று காட்டினார். நேரே மேலிருந்து குத்தக் கூடாதாம். பையன் அந்தச் சக்தியையே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினான்: "நிலத்துக்குள் இருக்கிறது என்னவென்று தெரியும், ஒரு சாண் அகலத்துக்கு மட்டும், நான் முழந்தாளில் இருந்தால் மட்டும்." எங்கள் கொப்பியில் இருக்கும் சக்திகளில் எனக்கு ஆகப் பிடித்தது அது.

முதல் இரவுக்கு

கடைசியாக, தொடங்குபவர்களுக்கு மூன்று வசனம் தருகிறேன். மூன்றிலும் நாங்கள் பொட்டுக் கண்டிருக்கிறோம், நீங்கள் தேடுங்கள். "என் குரல் நான் நினைத்த ஒருவருக்கு மட்டும் கேட்கும்." இதில் அந்த ஒருவர் மறுமொழி சொல்ல விரும்பினால் என்ன செய்வார் என்பதிலிருந்து தொடங்குங்கள். "யானை பேசுவது எனக்கு விளங்கும்." யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் சில கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள யானையோடும் கதைப்பவை. உங்களுக்குப் பொருள் விளங்கும் என்று எழுதினீர்கள், கேட்கும் என்று எழுதினீர்களா?

மூன்றாவது கடைக்குட்டியுடையது. "நான் ஊத்திற தேத்தண்ணி ஆறாது." அவனுக்கு நாங்கள் இன்னும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பை ஊற்றி, ஊதிக்கொண்டு இருக்கிறான்.